ஒன்றரையே அரைக்கால் இஞ்ச்: பழைய ஜீப்புக்கு முன் சக்கர பேரிங் தேடுகிறேன்

பென்னாகரம் ஜீப் | ஜூலை 12, இரவு 9:40

வணக்கம். அப்பா ஓட்டிய ஜீப் ஒன்று வீட்டில் இருக்கிறது. மஹிந்திரா சிஜே-3பி, பானெட் உயரமாக நிற்குமே அந்தப் பழைய மாடல். பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் இடது பக்கம். ஆர்சி புத்தகத்தில் 1968 என்று போட்டிருக்கிறது.

ஒரு மாதமாக இடது முன் சக்கரத்தில் சத்தம். டயர் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன். முப்பதைத் தாண்டினால் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஓர் உறுமல். வண்டியை வலது பக்கம் வளைத்தால் கூடுகிறது, இடது பக்கம் வளைத்தால் அடங்குகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையில் டக் டக் என்று தட்டுகிறது.

இன்று பட்டறையில் பிரித்தோம். உள் பக்கப் பேரிங் போய்விட்டது. ரோலரெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது, கப்பில், அதாவது வெளி வளையத்தில், ஒரு பக்கம் தோல் உரிந்த மாதிரி இருக்கிறது. தருமபுரியில் ஒரு கடையில் பழைய கோனை, அதாவது ரோலரோடு இருக்கும் உள் வளையத்தை, காட்டினோம். துளையை அளந்து பார்த்து எல்எம் 501349 கோன், 501310 கப் என்று ஒரு செட் கொடுத்தார்கள். கோன் ஸ்பின்டிலில் (சக்கரம் சுற்றும் தண்டில்) அழகாக வழுக்கிக்கொண்டு போகிறது. கப் மட்டும் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்) இறங்கவில்லை, வாயிலேயே நிற்கிறது. மெக்கானிக் அண்ணன், "ஒரு நூல்கூட இல்லை, ஹப்பை லேத்தில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நாளைக் காலை ஹப் லேத்துக்குப் போகிறது.

தேய்க்கலாமா? ஆடிப்பெருக்குக்கு அம்மாவை இந்த வண்டியில்தான் ஒகேனக்கல் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அளவுகோல் | ஜூலை 12, இரவு 9:58

ஹப்பை லேத்துக்கு அனுப்பாதீர்கள். இப்போதே மெக்கானிக்குக்குப் போன் செய்து நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தொப்பூர் கணவாய் | ஜூலை 12, இரவு 10:15

ஏன் சார் பயமுறுத்துகிறீர்கள்? நான் 25 வருடமாக லாரி ஓட்டுகிறேன், சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். 501349 எந்த ஊரிலும் கிடைக்கும் பேரிங். ஹப்பை அதற்கு ஏற்ற மாதிரி ஒரு தடவை கடைந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பேரிங் தேடி அலைய வேண்டாம். பழைய சைஸைத் தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுவதைவிட இது நல்லது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன்.

அளவுகோல் | ஜூலை 12, இரவு 11:05

கணவாய் அண்ணா, நீங்கள் சொல்வது பல வண்டிகளுக்குப் பொருந்தும். இந்த ஹப்புக்கு ஏன் பொருந்தாது என்று கணக்கோடு சொல்கிறேன். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவு சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன், தினமும் இதுதான் வேலை.

501349 செட்டின் உள் விட்டம் 41.275 மி.மீ., வெளி விட்டம் 73.431, மொத்த அகலம் 19.558. பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியில் வந்த வண்டிகளின் முன் ஹப்பில் வருவது 18590 கோன், 18520 கப். அதன் உள் விட்டமும் அதே 41.275தான். அதனால்தான் கோன் வழுக்கிக்கொண்டு போகிறது, கடைக்காரரும் சரியான சாமான் என்று நம்பிவிட்டார். ஆனால் வெளி விட்டம் 73.025, அகலம் 16.667.

வெளியே 0.4 மி.மீ. வித்தியாசம். அதை லேத்தில் எடுத்துவிடலாம், சரி. அகலத்தை என்ன செய்வீர்கள்? ஒரு பேரிங்குக்கு 2.9 மி.மீ. கூடுகிறது. இந்த ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் ஒரே எண். இரண்டையும் மாற்றினால் கிட்டத்தட்ட 5.8 மி.மீ. உள் பேரிங் தடித்த அளவுக்கு ஹப்பே வெளியே தள்ளி நிற்கும். ஆயில் சீல் தன் இடத்தில் உட்காராது, டிரம்முக்கும் பிரேக் தட்டுக்கும் இடைவெளி மாறும். வெளிப்பக்கம் நட்டுக்கு மரை பற்றாது. அங்கே இரண்டு நட், நடுவில் ஒரு லாக் வாஷர் வர வேண்டும். மரை போதவில்லை என்று யாராவது ஒரு நட்டோடு விட்டுவிட்டால், மலை இறக்கத்தில் சக்கரம் தனியாகப் போகும்.

பென்னாகரம் தம்பி, பழைய பேரிங்கைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஊகத்தில் வாங்க வேண்டாம்.

பென்னாகரம் ஜீப் | ஜூலை 13, காலை 7:20

மெக்கானிக்கிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், ஆனால் கேட்டுக்கொண்டார். பழைய பேரிங் இருக்கிறது. எண் ஒன்றும் தெரியவில்லை, கருத்துப்போய்த் துரு ஏறியிருக்கிறது.

மலைத்தோட்டம் | ஜூலை 13, காலை 8:02

தம்பி, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போடு. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய். எமரி தாளைத் தொடாதே, எழுத்தும் சேர்ந்து போய்விடும். துடைத்துக் காய வைத்த பிறகு, கோனின் தடித்த பக்க முகத்தில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் லேசாகத் துடை. பள்ளத்தில் வெள்ளை தங்கும், எழுத்து எழுந்துவரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடி. கப்புக்கும் அதே வேலைதான், அதன் முகத்தில் தனி எண் இருக்கும்.

அஞ்செட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இதே வண்டி ஒன்று ஓடுகிறது. இன்னொன்றைப் பிரித்து ஷெட்டில் போட்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பத்மினி | ஜூலை 13, காலை 10:30

இடையில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். என் பத்மினி காருக்குப் பழைய உரிமையாளர் வேறு ஏதோ டைனமோவை மாட்டியிருக்கிறார். அதன் பேரிங்கில் எண்ணே இல்லை. வெர்னியரில் உள்ளே 15, வெளியே 35, அகலம் 11 வருகிறது.

அளவுகோல் | ஜூலை 13, மதியம் 1:10

6202. மில்லிமீட்டர் பேரிங் என்றால் வேலை சுலபம். கடைசி இரண்டு எண்தான் உள் துளையைச் சொல்லும். 04 முதல் மேலே ஐந்தால் பெருக்குங்கள்: 6204 என்றால் 20, 6205 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. டைனமோவுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள்.

ஜீப்பில் இந்தக் கணக்கு செல்லாது. அது முழுக்க இஞ்ச் வண்டி. 18590 என்ற எண்ணைப் பெருக்கினாலும் வகுத்தாலும் அளவு வராது. அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பென்னாகரம் ஜீப் | ஜூலை 14, மாலை 6:45

எண் கிடைத்துவிட்டது!

மலைத்தோட்டம் ஐயா சொன்ன மாதிரி ராத்திரி முழுக்க ஊறவைத்துச் சாக்பீஸ் தேய்த்தேன். முதலில் 1, 8 மட்டும் தெரிந்தது. அப்புறம் டார்ச்சைச் சாய்த்து அடித்ததும் 18590 முழுதாக வந்தது. கப்பில் கடைசி மூன்று எண்தான் தெரிகிறது, 520. வெளிப்பக்கக் கோனிலும் அதே 18590. இவ்வளவு நாள் அந்த எண் அங்கேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

இதோடு நிற்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பழைய லேத் பட்டறை இருக்கிறது. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயது. தேய்க்க அல்ல, அளக்க மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவரிடம் இஞ்ச் வெர்னியர்தான் இருக்கிறது. கோன் துளையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றரையே அரைக்கால்" என்றார். கப்பின் வெளிப்பக்கம் வைத்து, "இரண்டே முக்காலே அரைக்கால்" என்றார். எனக்குப் புரியவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினார்: ஒன்றரையோடு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, சேர்த்தால் 1.625 இஞ்ச், 25.4 ஆல் பெருக்கினால் 41.275. அதே போல 2.875 இஞ்ச் என்றால் 73.025. அளவுகோல் அண்ணன் சொன்ன எண் புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய கப்பையும் அளந்தார். வித்தியாசம் "அரைக்கால் நூல்" என்றார்.

அளவுகோல் | ஜூலை 14, இரவு 8:20

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நூல் என்பது இஞ்ச்சில் எட்டில் ஒன்று, அதில் அரைக்கால் என்றால் 0.4 மி.மீ.தான். பெரியவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பின்னக் கணக்கு தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இங்கிலீஷ், அமெரிக்க வண்டிக்கெல்லாம் அது அப்படியே பொருந்தும்.

இப்போது முக்கியமான கேள்வி. ஹப்பின் உள் துளை எப்படி இருக்கிறது? கப் தானாகக் கழன்றதா, தட்டி எடுத்தீர்களா?

பென்னாகரம் ஜீப் | ஜூலை 14, இரவு 8:41

வெளிப்பக்கக் கப் அசையவே இல்லை, அப்படியே இருக்கிறது. உள் பக்கக் கப் கையிலேயே வந்துவிட்டது. துளைக்குள்ளே சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், சென்டர் பஞ்ச் வைத்து அடித்த மாதிரி. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

அளவுகோல் | ஜூலை 14, இரவு 9:15

அதைத்தான் பயந்தேன். முன்பு யாரோ கப் லூசாக இருக்கிறது என்று பஞ்ச் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளின் மேடு கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு தேய்ந்துவிடும், கப் மறுபடி சுற்றும். இப்போது பேரிங் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏன் கப் இறுக்கமாக இருக்க வேண்டும், கோன் மட்டும் ஏன் கையால் வழுக்கலாம் என்று பலருக்குக் குழப்பம் வரும். ஸ்பின்டில் சுற்றுவதில்லை, ஹப்தான் சுற்றுகிறது. வண்டியின் பாரம் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. ஸ்பின்டிலின் அடிப்பக்கம் மட்டும்தான் பாரம் தாங்கும், அதனால் கோன் லேசாக நகர்ந்தாலும் பரவாயில்லை. கப் ஹப்போடு சேர்ந்து சுற்றுவதால் அதன் ஒவ்வொரு இடமும் மாறி மாறிப் பாரத்துக்குக் கீழே வரும். கொஞ்சம் லூசாக இருந்தாலும் துளைக்குள் ஊர்ந்து ஊர்ந்து இரும்பைத் தின்றுவிடும். கப்பைவிட ஹப் துளை மில்லியில் நூற்றில் சில பங்கு சின்னதாக இருந்து, அழுத்தித்தான் இறங்க வேண்டும்.

பெரியவரிடம் உள் மைக்ரோமீட்டர் இருந்தால், துளையைக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பஞ்ச் மேட்டை விட்டு அளக்க வேண்டும்.

பென்னாகரம் ஜீப் | ஜூலை 16, மாலை 5:30

அளந்தாயிற்று. வெளிப்பக்கக் கப் உட்கார்ந்திருப்பதால் அதைத் தொடவில்லை. உள் பக்கத் துளை ஒரு திசையில் 73.05, இன்னொரு திசையில் 73.11. வட்டமே போய்விட்டது. புது கப்பைக் கொண்டுவந்தாலும் நிற்காது போலிருக்கிறது.

தொப்பூர் கணவாய் | ஜூலை 16, இரவு 7:10

தம்பி, அப்படியென்றால் நான் முதலில் சொன்ன யோசனையை வாபஸ் வாங்குகிறேன். அகலக் கணக்கை நான் யோசிக்கவில்லை. லாரி ஹப் தடிமன் வேறு, இது வேறு. இப்போது இரண்டு வழிதான். துளையைப் பெரிதாகக் கடைந்து ஒரு இரும்பு புஷ் (உள்ளே பொருத்தும் வளையம்) அழுத்தி, அந்தப் புஷ்ஷைச் சரியான அளவுக்குக் கடைய வேண்டும். இரண்டு கப்பும் ஒரே மையத்தில் வர வேண்டும் என்பதால் நல்ல லேத்தும் நல்ல கையும் வேண்டும். இல்லையென்றால் வேறு ஹப் தேட வேண்டும்.

மலைத்தோட்டம் | ஜூலை 16, இரவு 9:00

ஹப் என்னிடம் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உன் இடது சக்கர நட் எந்தப் பக்கம் திருப்பினால் கழல்கிறது?

பென்னாகரம் ஜீப் | ஜூலை 16, இரவு 9:12

கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழல்கிறது ஐயா. வலது பக்கம் வழக்கம் போலத்தான்.

மலைத்தோட்டம் | ஜூலை 16, இரவு 9:25

சரி, அப்படியென்றால் பழைய இடது மரை ஹப்தான். வில்லிஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. தெரியாமல் ஒருவன் நாலடி பைப் போட்டு இறுக்கிப் போல்ட்டை முறித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலது பக்க ஹப்பைக் கொண்டுபோய் இடது பக்கம் மாட்டினால் மரை எதிராகிவிடும். என்னிடம் பிரித்துக் கிடப்பதில் இடது ஹப் நன்றாக இருக்கிறது, கப் இரண்டும் இறுகி நிற்கிறது. இரும்புக் கடை எடை விலை கொடு, போதும். பஸ்ஸில் வந்து எடுத்துக்கொண்டு போ, நல்ல சாக்குப் பை கொண்டு வா, கனக்கும்.

ரவுண்டானா பேரிங்ஸ் | ஜூலை 17, காலை 11:20

கிருஷ்ணகிரியில் சின்னதாகப் பேரிங் வியாபாரம் செய்கிறேன். இழையை இப்போதுதான் பார்த்தேன். 18590, 18520 அப்படி ஒன்றும் அரிய சாமான் இல்லை. வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடையில் கையை விரிப்பார்கள், எண்ணைச் சொல்லிக் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். பெங்களூர் ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு பக்கம் கேட்டால் கிடைக்கும். இந்த எண் டிம்கென் என்ற பேரிங் கம்பெனி வழியில் வந்தது. மற்ற கம்பெனிகளும் அதே எண்ணில் செய்தால் அளவு மாறாது.

வாங்கும்போது சில விஷயம் பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் டப்பாவில் போலி நிறைய வருகிறது. விலை பாதிக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். எண் ரோலருக்குப் பக்கத்து முகத்தில் சீராக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் மை மாதிரி உரியக் கூடாது. உள் காகிதத்தைப் பிரித்தால் துருத் தடுக்கும் எண்ணெய் பிசுபிசுக்க வேண்டும். காய்ந்து, சிராய்த்து இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோன் ஒரு கம்பெனி, கப் ஒரு கம்பெனி என்று சேர்த்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். கோனை மட்டும் புதிதாக வாங்கிப் பழைய கப்பிலேயே ஓட்டுபவர்களும் உண்டு. தேய்ந்த கப் புது ரோலரைச் சீக்கிரமே கெடுத்துவிடும். எப்போதும் செட்டாக மாற்றுங்கள்.

பென்னாகரம் ஜீப் | ஜூலை 24, இரவு 8:50

ஹப் வந்துவிட்டது. அஞ்செட்டிக்குப் போய்ப் பார்த்தேன். ஐயா ஷெட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

கிருஷ்ணகிரி அண்ணன் மூலமாக இரண்டு செட் பேரிங், ஆயில் சீல் ஒன்று. இனி மாட்டுவதுதான். யாராவது வரிசை சொல்லுங்கள். மெக்கானிக் அண்ணனும் இந்த இழையைப் படிக்கிறார்.

மலைத்தோட்டம் | ஜூலை 24, இரவு 9:30

பழைய கப்பைப் பித்தளை ராடு வைத்துப் பின்பக்கமிருந்து மாற்றி மாற்றித் தட்டு. ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு துளையைக் கீறும். புது கப்பை ஒரு ராத்திரி ஃபிரீசரில் வை. ஹப்பை வெயிலில் வை. இறக்கும்போது பழைய கப்பை மேலே கவிழ்த்து வைத்து அதன் மேல் தட்டு, புது கப்பின் முகத்தில் சுத்தியல் படக் கூடாது. அடிவாரத்தில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். டங் என்று கெட்டியாகக் கேட்கும். அதுவரை விடாதே.

கிரீஸை மேலே பூசினால் பத்தாது. உள்ளங்கையில் ஓர் உருண்டை எடுத்து, கோனின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழு. மறு பக்கம் ரோலர் இடுக்கிலிருந்து புழு மாதிரி கிரீஸ் எட்டிப் பார்க்கும். சுற்றிலும் அப்படி வர வேண்டும். ஹப்பின் வயிறு முழுக்க அடைக்காதே. சூடானால் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் போய் விழும்.

கடைசியாக நட். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கு, சக்கரம் பிடிக்கிற வரை. அப்புறம் ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடு. தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்க ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் வாஷர், வெளி நட், வாஷர் விளிம்பை நட்டின் மேல் மடக்கு. உன் பழைய நட்டில் உளித் தழும்பு இருக்கிறதா பார்.

பென்னாகரம் ஜீப் | ஜூலை 24, இரவு 9:44

இருக்கிறது ஐயா. ஆறு மூலையும் மழுங்கியிருக்கிறது.

மலைத்தோட்டம் | ஜூலை 24, இரவு 9:50

உளியும் சுத்தியலும் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கினார்கள் என்று கைக்கே தெரிந்திருக்காது. ரோலர் நீலம் பாய்ந்ததற்கு அதுதான் காரணம். நல்ல ரிங் ஸ்பேனர் செய்து வாங்கிக்கொள்.

பென்னாகரம் ஜீப் | ஆகஸ்ட் 4, காலை 9:15

நேற்று ஆடிப்பெருக்குக்குப் போய்வந்தோம்.

போன வாரமே மாட்டி, ஊருக்குள் நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஜாக்கி போட்டு ஆட்டம் பார்த்தேன். துளிக்கூட இல்லை. ஸ்பேனரை லேத் பெரியவரே தட்டிக் கொடுத்தார். கப் இறங்கும்போது சத்தம் மாறும் என்றீர்களே, உண்மைதான். ஏழெட்டு அடி மந்தமாகக் கேட்டது, பிறகு ஓர் அடியில் மணி மாதிரி கேட்டது. மெக்கானிக் அண்ணன் சுத்தியலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் பாதி வழியில் நிறுத்தி, இரண்டு முன் ஹப்பிலும் கை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு, கையை எடுக்கத் தேவையில்லை. அந்த உறுமல் இல்லாததால் வண்டியில் அம்மா பேசுவது கேட்டது. அப்பா இதே வளைவில் நிறுத்தித்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்றார்.

வலது பக்கமும் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பழைய ஹப்பைத் தூக்கிப் போடவில்லை, புஷ் போட முடியுமா என்று பெரியவர் பார்க்கிறார்.

மலைத்தோட்டம் | ஆகஸ்ட் 4, காலை 10:05

வலது பக்கம் பிரிக்கும்போது கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டத்தையும் பார்த்துவிடு. அதற்கு 11590 கோன், 11520 கப். பெரியவரிடம் அளக்கக் கொடு, அரையே அரைக்கால் என்பார்.